ஒரே ரெஸ்யூமை அரசுக்கும் தனியாருக்கும் அனுப்பலாமா?

கேள்வி, 2025 அக்டோபர் 5

பி.காம். முடித்தவன். கல்லூரி முடித்த நாள் முதல் குரூப் 2, குரூப் 4 என்று படித்துக்கொண்டே இருந்தேன். எதுவும் கைகூடவில்லை. இப்போது மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தில் கணக்கு உதவியாளர் ஒப்பந்தப் பணிக்கும், தனியார் நிறுவனங்களில் கணக்குப் பிரிவு வேலைக்கும் விண்ணப்பிக்கிறேன். ஒரே ரெஸ்யூமை இரண்டுக்கும் அனுப்பினால் போதாதா? அரசு வேலைக்கு ரெஸ்யூமே கேட்கமாட்டார்கள் என்கிறான் நண்பன்.

அக்டோபர் 5, இரவு

போதாது. நண்பன் சொல்வது பாதி சரி. தேர்வாணையத் தேர்வுகளுக்கு ரெஸ்யூம் கிடையாது. நிரந்தரப் பதிவு, இணைய விண்ணப்பம், சான்றிதழ் பதிவேற்றம், அவ்வளவுதான். ஒப்பந்தப் பணி, பல்கலைக்கழக ஆய்வுத் திட்டப் பணி, அயற்பணி (அரசு ஊழியர் வேறு துறைக்குத் தற்காலிகமாகப் போவது) ஆகியவற்றுக்குத் தன்விவரக் குறிப்பு கேட்பார்கள். அங்கேயும் கேட்கும் பொருள் வேறு.

இரண்டு மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். ஒப்பந்தப் பணியாளனாக ஒரு மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பக் கட்டுகளைப் பிரித்துப் பட்டியலிட்டேன். பிறகு திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மனிதவளப் பிரிவில் ரெஸ்யூம் படித்தேன். முதல் மேசையில் நடப்பது இதுதான்: ஒரு பக்கம் அறிவிக்கை, ஒரு பக்கம் கட்டம் போட்ட படிவம். வரிசை எண், பெயர், பிறந்த தேதி, இனம், கல்வித்தகுதி, மதிப்பெண் விழுக்காடு, அனுபவம், இணைப்புகள், குறிப்பு. உங்கள் காகிதத்திலிருந்து அந்தக் கட்டங்களை நான் நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாவிட்டால் கடைசிக் கட்டத்தில் காரணம் எழுதி ஒதுக்க வேண்டும். ‘துடிப்பானவர்’, ‘குழுவாகச் செயல்படக்கூடியவர்’ என்பதற்கெல்லாம் கட்டமே இல்லை.

இரண்டாவது மேசையில் கட்டமே கிடையாது. முதல் பக்கத்தின் மேல் பாதியைப் பார்ப்போம். இந்த ஆளை நாளைக்கு உட்காரவைத்தால் என்ன வேலை நடக்கும் என்பது அங்கே தெரிந்தால் கீழே படிப்போம்.

அக்டோபர் 6

நேற்றைய பதிலைப் படித்துவிட்டு ஒருவர், ‘அப்படியென்றால் அரசுக்கு நீளமாகவும் தனியாருக்குச் சுருக்கமாகவும் எழுதினால் சரியா?’ என்கிறார். நீளம் விளைவு மட்டும். அரசுக்கு அனுப்பும் காகிதத்தில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சான்றிதழ் நிற்க வேண்டும். சான்றிதழ் இல்லாத வரியை எடுத்துவிடலாம். தனியார் ரெஸ்யூமில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நேர்காணலில் சொல்ல ஒரு பதில் நிற்க வேண்டும். அந்தப் பதிலுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று முதல் நாள் யாரும் கேட்கப் போவதில்லை.

அக்டோபர் 9

கேட்ட தம்பி தன் ரெஸ்யூமை அனுப்பிவைத்தார். அனுமதி பெற்றுத்தான் இதை எழுதுகிறேன்.

மேலே கொட்டை எழுத்தில் ‘வாழ்க்கை விவரம்’. அதன் கீழே, புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான பணியில் சேர்ந்து அதன் வளர்ச்சிக்கும் தன் வளர்ச்சிக்கும் பாடுபட விழைவதாக நான்கு வரி. தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரியில் படித்தாலும் இந்த நான்கு வரி எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. அப்புறம் தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை, தாய்மொழி. அப்புறம் கல்வி அட்டவணை. பொழுதுபோக்கு: கிரிக்கெட் பார்ப்பது, பாட்டு கேட்பது. கடைசியில் ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என்று உறுதியளிக்கிறேன்’, இடம், தேதி, கையொப்பம்.

வேலை அனுபவம்: இல்லை.

தொலைபேசியில் பேசினேன். தேர்வுக்குப் படிக்கும் காலத்தில் செலவுக்கு என்ன செய்தீர்கள் என்றதற்கு, ‘சாயங்காலம் ஒரு ஆடிட்டர் ஆபீசுக்குப் போவேன் அண்ணா, அது வேலை இல்லை, சும்மா ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பேன்’ என்றார். எத்தனை கடைகளுக்கு? அரிசி மண்டி, ஹார்டுவேர் கடை, இரண்டு மருந்துக்கடை என்று அடுக்கிக்கொண்டே போனார். ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதிக்குள், 3பி (வரி கட்டும் சுருக்கக் கணக்கு) 20ஆம் தேதிக்குள். அந்த இரண்டு தேதிகளையும் தவறவிடாமல் ஓட்டியவர் ரெஸ்யூமில் ‘அனுபவம் இல்லை’ என்று எழுதி, கீழே கிரிக்கெட் பார்ப்பதைச் சேர்த்திருக்கிறார்!

தனியாருக்கு இதுதான் முதல் பத்தி. ‘மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கல்; டேலியில் கொள்முதல், விற்பனைப் பதிவு; இ-வே பில் தயாரிப்பு; சில்லறை, மொத்த வியாபாரக் கணக்குகள்.’ பி.காம். அதற்குக் கீழே வரட்டும்.

அக்டோபர் 9, சற்றுப் பிறகு

இதை எழுதினால் கேள்வி வரும், தயாராகப் போங்கள். தமிழ்நாட்டுக்குள் சரக்கு அனுப்ப எவ்வளவு மதிப்புக்கு மேல் இ-வே பில் தேவை என்பது கணக்குப் பிரிவு நேர்காணலில் கேட்கக்கூடிய கேள்வி. 50,000 என்று பாடம் ஒப்பிப்பவர்கள் உண்டு. மாநிலத்துக்குள் இங்கே ஒரு லட்சம். மாநிலம் தாண்டினால்தான் 50,000. வேலை செய்தவருக்கு இது யோசிக்காமல் வரும். ரெஸ்யூமில் பொய் எழுதியவர் மாட்டுவதும் இங்கேதான்.

அக்டோபர் 12

இப்போது அதே ஆடிட்டர் அலுவலக அனுபவத்தை ஒப்பந்தப் பணி விண்ணப்பத்தில் பாருங்கள். அறிவிக்கையில் ‘கணக்குப் பணியில் ஓராண்டு அனுபவம்’ என்று இருக்கிறது. தம்பியிடம் காகிதம் ஏதும் இல்லை. அந்த மேசையைப் பொறுத்தவரை அனுபவம் பூஜ்யம்.

ஆடிட்டரிடம் போய்ச் சான்று வாங்குங்கள் என்றேன். வாங்கிவந்தது: ‘இவர் என்னிடம் பணிபுரிந்தார், நல்லவர், ஒழுக்கமானவர், வாழ்வில் உயர வாழ்த்துகிறேன்.’ ஆடிட்டரின் நல்ல மனது தெரிகிறது. கட்டத்தில் நிரப்ப ஒன்றும் தெரியவில்லை.

அனுபவச் சான்றில் இருக்க வேண்டியவை: அலுவலகத்தின் கடிதத்தாள், பதவியின் பெயர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, முழுநேரமா பகுதிநேரமா, செய்த பணிகள், ஊதியம், கையொப்பமிட்டவரின் பெயரும் பதவியும், முத்திரை, சான்று வழங்கிய தேதி. மத்தியத் தேர்வாணையத்தின் நேரடி நியமனங்களுக்கும் ஏறக்குறைய இதே விவரங்களைத்தான் கேட்கிறார்கள். பகுதிநேரத்தை முழுநேரம் என்று எழுதித் தரும்படி ஆடிட்டரை நெருக்காதீர்கள். பகுதிநேர அனுபவம் ஏற்கப்படுமா என்பதை அறிவிக்கை சொல்லும். சொல்லாவிட்டால் உண்மையை எழுதிவிட்டு முடிவை அவர்களிடம் விடுங்கள்.

அக்டோபர் 13

‘சான்றிதழ் நகல்களில் நாமே கையெழுத்திடும் சுயசான்றொப்பமா, அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பமா?’ என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். அறிவிக்கை தனியாகக் கேட்காதவரை சுயசான்றொப்பம் போதும். பச்சை மைப் பேனா வைத்திருக்கும் அலுவலரைத் தேடி மரத்தடியில் காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவர்களுக்கு இன்னும் அந்தப் பயம் போகவில்லை.

அக்டோபர் 18

ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார்: ‘குரூப் தேர்வுக்குப் படித்ததைத் தனியார் ரெஸ்யூமில் எழுதவே கூடாது. ரிசல்ட் வந்ததும் ஓடிவிடுவான் என்று ஒதுக்கிவிடுவார்கள்.’

அந்தப் பயம் உண்மையானது. நானே அந்த மேசையில் அப்படி யோசித்திருக்கிறேன். இரண்டு மாதம் பயிற்சி கொடுத்துப் பழக்கிய ஆள் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்ததும் விடுப்பு எழுதுவார். கலந்தாய்வு முடிந்ததும் ராஜினாமா வரும். ஆனால் எதுவுமே எழுதாமல் விட்ட இடைவெளியை நாங்கள் இதைவிட மோசமாக நிரப்பிக்கொள்வோம். உடல்நலமா, வழக்கா, முந்தைய வேலையில் ஏதாவது கையாடலா? ஒரே வரி போதும்: ‘2021–2025: அரசுப் பணித் தேர்வுத் தயாரிப்பு, இதே காலத்தில் ஆடிட்டர் அலுவலகத்தில் பகுதிநேரக் கணக்குப் பணி.’ பாதிக்கவலை அங்கேயே தீரும். மீதிக் கவலையை நேர்காணலில் கேட்பார்கள். ‘இனியும் எழுதுவீர்களா?’ என்றால் எழுதுவேன் என்பவர் எழுதுவேன் என்றே சொல்லட்டும், எத்தனை நாள் முன்னறிவிப்பு தருவேன் என்பதையும் சேர்த்து. எல்லா நிறுவனமும் இதை ஏற்காது. ஏற்காத இடத்தில் சேர்ந்து, தேர்வு நாளன்று பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது எத்தனை காலத்துக்கு?

அரசுப் பக்கம் இந்தத் தலைவலியே இல்லை. அங்கே இடைவெளியை யாரும் கேட்பதில்லை, வயதைத்தான் கேட்பார்கள். குரூப் 4இல் பொதுப் பிரிவினருக்கு 32. (2021இல்தான் 30லிருந்து உயர்த்தினார்கள்.)

அக்டோபர் 19

நேற்று எழுதியதை இன்னொரு முறை யோசித்தேன். முதல்நிலைத் தேர்வில் தேறியதை எழுதலாமா என்பதற்குப் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறேன். கணக்குப் பிரிவு வேலைக்கு எழுத வேண்டாம், பயனில்லை. பயிற்சி மையம், பதிப்பகம், கல்வி நிறுவனம் என்றால் தாராளமாக எழுதுங்கள். அங்கே அதுவே தகுதி.

அக்டோபர் 24

பட்டப் பெயர் விவகாரம். ஒரு பெண் கேட்கிறார்: படித்த பட்டத்தின் பெயரும் அறிவிக்கையில் கேட்ட பட்டத்தின் பெயரும் ஒரு சொல்லில் வேறுபடுகின்றன, பாடத்திட்டம் ஒன்றுதான், தைரியமாக விண்ணப்பிக்கலாமா?

தனியாரில் இது ஒரு விஷயமே இல்லை. அரசில் இது மட்டும்தான் விஷயம். இரண்டு பட்டங்களும் இணையானவை என்று அரசாணை இருக்க வேண்டும். அதுவும் அறிவிக்கை நாளுக்கு முன்பே வெளியாகியிருக்க வேண்டும். அந்த அரசாணையின் எண், தேதியோடு நகலை இணைப்பில் வையுங்கள். ‘பாடத்திட்டம் ஒன்றுதான்’ என்று நீங்கள் எழுதும் விளக்கக் கடிதத்தைப் பரிசீலிக்க மேசையில் இருப்பவருக்கு அதிகாரமே கிடையாது. அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையும் இப்படித்தான். பள்ளிப் படிப்பை முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் மாநில அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009இலேயே அரசாணை இருக்கிறது. அதே பட்டத்தோடு தனியாரில் மேலாளராக இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

அக்டோபர் 25

தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீடு பற்றிக் கேட்டவருக்கு: 2010ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டது. பட்டப்படிப்பை மட்டும் தமிழ்வழியில் முடித்திருந்தால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். ஆகவே பள்ளி ஒவ்வொன்றிலும் போய்ச் சான்று வாங்க வேண்டும். பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றிருப்பார், பதிவேடு பீரோவின் அடியில் இருக்கும். அறிவிக்கை வந்த பிறகு ஓடாமல் இப்போதே வாங்கிவையுங்கள். தனியார் ரெஸ்யூமில் தமிழ்வழி என்று எழுதத் தேவையில்லை. மறைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, அங்கே அதற்கு மதிப்பெண் இல்லை.

சாதிச் சான்றிதழிலும் ஒரு கண்ணி உண்டு. மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழுக்கு வருமான வரம்பு கிடையாது. மத்திய அரசுப் பணிக்கு ஓபிசி சான்று தனிப் படிவத்தில் வேண்டும். கிரீமி லேயர், அதாவது வசதி உள்ளவர்களை விலக்கும் ஆண்டு வருமான வரம்பு, 2017 முதல் 8 லட்சம். மாநிலச் சான்றை மத்திய விண்ணப்பத்தில் இணைத்துவிட்டுப் பொதுப் பிரிவில் போய் விழுந்தவர்கள் பலர்.

நவம்பர் 2

விடுமுறை நாள். கொஞ்சம் வழிவிலகிப் போகிறேன்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921. ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கும் குடவோலையில் பெயர் எழுத என்ன தகுதி? கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள். யாருக்குத் தகுதியில்லை? முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், அவருடைய இன்னின்ன உறவினர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பும் நம் அறிவிக்கை இப்படித்தான் இருந்திருக்கிறது. தகுதி, தகுதியின்மை, வயது வரம்பு. ‘சவாலான பணியை விழைகிறேன்’ என்று எந்தச் சதுர்வேதிமங்கலத்துக்காரரும் ஓலையில் எழுதவில்லை.

நவம்பர் 3

‘நிலம் கேட்டதை நியாயப்படுத்துகிறீர்களா?’ என்று ஒருவர். இல்லை ஐயா. படிவத்தின் சாடையைச் சொன்னேன்.

நவம்பர் 8

பெயர், முன்னெழுத்து. இதற்குத் தனி இழையே போடலாம். நம் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது என்பதை நிறுவனங்களின் மென்பொருள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு, கடைசிப் பெயர்க் கட்டத்தில் ஓர் எழுத்து போட்டால் ‘குறைந்தது இரண்டு எழுத்து’ என்று சிவப்பில் எரியும். அப்பா பெயரைப் போடுவீர்கள். அப்புறம் ஊதியச் சீட்டிலும் வருங்கால வைப்புநிதிக் கணக்கிலும் அந்தப் பெயரே ஏறும். ஆதாரில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். பணம் எடுக்கப் போகும்போது பெயர் பொருந்தவில்லை என்று வரும்.

அரசு விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே பெயரும் பிறந்த தேதியும். எண்ஜோதிடம் பார்த்துச் சேர்த்த கூடுதல் எழுத்து வேண்டாம். அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டிருந்தால் அதன் நகல் வேண்டும்.

தனியாருக்கு அனுப்பும் கோப்பில் பெயர் முதல் வரியில், சாதாரண எழுத்தில் இருக்கட்டும். இரண்டு நெடுவரிசை வடிவமைப்பு, திறமைக்கு நட்சத்திரம், பக்கவாட்டு வண்ணப் பட்டை, இவற்றையெல்லாம் நிறுவனத்தின் வடிகட்டி மென்பொருள் குழப்பிப் படிக்கக்கூடும். பக்கத் தலைப்புப் பகுதிக்குள் (ஹெடர்) ஒளித்த கைபேசி எண்ணைச் சில மென்பொருள்கள் பார்ப்பதே இல்லை. பாமினி, வானவில் எழுத்துருவில் தமிழ் அடித்து அனுப்புகிறவர்களுக்கு ஒன்று: எதிர்முனையில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் உங்கள் பெயர் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகத்தான் தெரியும். யூனிகோடில் அடியுங்கள்.

நவம்பர் 15

அனுபவச் சான்று ‘தயாரித்துத் தரும்’ முகவர்கள் பற்றி ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். வேண்டாம். வருங்கால வைப்புநிதிக் கணக்கின் பணி வரலாற்றில் எந்த நிறுவனம், எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் விலகினார் என்று இருக்கிறது. பின்னணி சரிபார்க்கும் நிறுவனங்கள் முதலில் கேட்பது அதைத்தான். மூன்று ஆண்டு அனுபவம் என்று எழுதி அங்கே ஒரு மாதச் சந்தாவும் இல்லையென்றால் எப்படி விளக்குவீர்கள்? சிறிய நிறுவனத்தில் வைப்புநிதி பிடிக்கவில்லை என்றால் அது வேறு. வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறியதைக் காட்டலாம்.

அரசில் இதைவிடக் கடினம். அங்கே அந்தக் கடைசி வரி, ‘அனைத்தும் உண்மை என்று உறுதியளிக்கிறேன்’ என்பது, உண்மையிலேயே உங்களைக் கட்டுப்படுத்தும். தனியார் ரெஸ்யூமில் அதை எடுத்துவிடலாம், இடத்தை அடைக்கிறது. அரசுக் காகிதத்தில் கட்டாயம் இருக்கட்டும், கையொப்பத்தோடு.

வழக்கு பற்றிய கட்டமும் அப்படியே. கல்லூரிக் காலத்துப் போராட்டத்தில் பெயர் சேர்க்கப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்டவர்கள் ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். கேட்ட கேள்வியை முழுதாகப் படியுங்கள். ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, வழக்கு பதியப்பட்டதுண்டா’ என்று கேட்டிருந்தால், முடிந்த வழக்கையும் எழுத வேண்டும். மறைத்ததே பணிநீக்கத்துக்குக் காரணமாகலாம். 2016இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இது குறித்து விரிவான நெறிகளை வகுத்தது. அற்பமான வழக்கை மறைத்திருந்தால் பணியமர்த்துபவர் பொறுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. ‘லாம்’தான். அந்தக் கருணையை நம்பி எழுதாதீர்கள்.

நவம்பர் 16

பொழுதுபோக்கை நான் கேலி செய்ததாக ஒருவருக்கு வருத்தம். குடிமைப் பணித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அந்தக் கேலி பொருந்தாது. முதன்மைத் தேர்வுக்கான விரிவான விண்ணப்பப் படிவத்தில் எழுதும் பொழுதுபோக்கிலிருந்து ஆளுமைத் தேர்வில் கேள்வி பிறக்கும். அந்தத் தேர்வுக்கு 275 மதிப்பெண். பாட்டு கேட்பேன் என்று எழுதினால் எந்த ராகம், யார் பாடியது என்று குடைவார்கள். கணக்குப் பிரிவு வேலைக்கு அதே வரியை யாரும் படிக்கப் போவதில்லை.

நவம்பர் 23

ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர் மத்திய அரசு அயற்பணிக்கு விண்ணப்பிக்கிறார். அவருக்கு மட்டும் சுருக்கமாக: அறிவிக்கையின் இணைப்பில் தன்விவரப் படிவம் இருக்கும், அதை அப்படியே நிரப்புங்கள், சொந்த வடிவமைப்பு வேண்டாம். ஊதிய நிலை, அந்த நிலைக்கு எந்தத் தேதியிலிருந்து, பதவி தற்காலிகமா நிரந்தரமா. உரிய வழியில், அதாவது உங்கள் துறை மூலமாகப் போக வேண்டும். துறை ஐந்தாண்டு பணி மதிப்பீட்டு அறிக்கைகளும் விழிப்புப்பணித் தடையின்மைச் சான்றும் (முறைகேட்டு விசாரணை நிலுவையில் இல்லை என்பது) சேர்த்து அனுப்ப வேண்டும். உங்கள் அலுவலகத்திலேயே கோப்பு தூங்கிவிடும் என்ற பயம் இருந்தால் முன்படி, அதாவது முன்கூட்டியே நேரடியாக ஒரு நகல், அனுப்பிவையுங்கள். முன்படி மட்டும் போனால் போதாது.

டிசம்பர் 1

தம்பி அனுப்பிய இரண்டு காகிதங்களும் வந்தன. தனியாருக்கு ஒரு பக்கம். மதம், சாதி, திருமண நிலை, நான்கு வரி விழைவு எல்லாம் போயிற்று. அரசுக்கு நான்கு பக்கம்: அறிவிக்கையில் கேட்ட வரிசையிலேயே விவரங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் இணைப்பு எண். ஆடிட்டர் புதிதாகச் சான்று கொடுத்திருக்கிறார், தேதிகளோடு. அதன் அடியிலும் ‘வாழ்வில் உயர வாழ்த்துகிறேன்’ இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை தேறியிருக்கிறார், அதையும் இப்போதுதான் சொல்கிறார்! அரசுக்கு ‘முதுநிலை’ என்று சான்றிதழ் எண்ணோடு. தனியாருக்கு ‘நிமிடத்துக்கு 45 சொல்’ என்று எழுதினால்தான் மனிதவளப் பிரிவுக்குப் புரியும்.

டிசம்பர் 3

ஒப்பந்தப் பணியில் சேரும்போது ‘எக்காலத்திலும் பணி நிரந்தரம் கோர மாட்டேன்’ என்று எழுதி வாங்குவார்கள். தொகுப்பூதியம், பதினொரு மாதம், பிறகு நீட்டிப்பு. சேருவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிந்து தனியாருக்கு வரும்போது ரெஸ்யூமில் ‘அரசு ஊழியர்’ என்று எழுதாமல் ‘ஒப்பந்தப் பணி’ என்றே எழுதுங்கள். சரிபார்ப்பில் சிக்கல் வராது. செய்த வேலையை வழக்கம்போல விவரியுங்கள். நிதி விடுவிப்பு, செலவினச் சான்று, தணிக்கைக்குப் பதில் எழுதியது, இவற்றுக்குத் தனியார் மருத்துவமனைகளில் நல்ல மதிப்பு உண்டு.

டிசம்பர் 4

தபால் பற்றிக் கேட்ட கடைசி ஆளுக்கு. ‘5 மணிக்குள் வந்து சேர வேண்டும்’ என்றால் அன்றைக்குத் தபால் முத்திரை விழுந்தால் போதும் என்று பொருளல்ல. பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. அறிவிக்கையில் ‘பதிவஞ்சல்’ என்று பழைய வாசகம் இருந்தால் விரைவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உறையின் மேல் பதவியின் பெயரை எழுத மறந்தால் உங்கள் கட்டு எந்த அடுக்கில் போய்ச் சேரும் என்பதை அடுக்குகிறவர் அன்றைக்கு இருக்கும் மனநிலை தீர்மானிக்கும். பக்கத்து ஊர்தான் என்றால் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.